கூரையை மடக்குங்க, சாவியைக் கொடுங்க!

   

பேணிக் காத்த பழம்பொருளைக் கடைசிவரை வச்சுக்கிறதுதான் பெருமைன்னு எதிரணித் தங்கச்சி பேசிட்டுப் போனாங்க. அமெரிக்காவிலே ஒருத்தர் தன்னோட பழைய காரை ஷெட்டை விட்டு வெளியே எடுக்காம, துணி போர்த்தி, குழந்தை மாதிரி வச்சிருக்கார்னு சொல்லும்போது அவங்களுக்குக் கண் கலங்கிடுச்சு. எனக்கும் கலங்கிச்சுங்க. ஆனா நான் கலங்கினது அந்தக் காருக்காக! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, அமெரிக்கக் காரைச் சாட்சிக் கூண்டிலே ஏத்தினது அவங்க. அதனால நானும் அதையே குறுக்கு விசாரணை பண்றேன்.

கூரையை மடக்கிப் பின்னால தள்ளிட்டு, காத்து வாங்கிக்கிட்டே போற கார் இருக்கே, கன்வெர்ட்டிபிள், அதுக்கு 1970-களிலே அமெரிக்காவிலே பெரிய கண்டம் வந்தது. வண்டி உருண்டா தலை என்ன ஆகும், சட்டமே போட்டுத் தடுத்துடுவாங்கன்னு ஒரு பயம். வாங்குறவங்களும் குறைஞ்சு போனாங்க. 1976-லே கேடிலாக் கம்பெனி, எங்க எல்டொராடோதான் இந்த வகையிலே கடைசி அமெரிக்கக் கார்னு சொல்லி வித்தாங்க. அந்த வருஷம் செஞ்சது 14,000. அதிலேயும் கடைசி 200 கார் ஒரே அச்சு, ஒரே வெள்ளை. விடுவாங்களா? வாங்கினவங்கள்ல பல பேர் ஓட்டவே இல்லை. சீட்டிலே போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கலை. நாளைக்குத் தங்கம் மாதிரி ஏறும்னு பூட்டி வச்சாங்க.

என்ன ஆச்சு? 1982-லே கிரைஸ்லர் கம்பெனியிலே லீ ஐயகோக்கா கூரை மடக்குற லெபாரன் காரைக் கொண்டு வந்துட்டார். சரி, அது வேற கம்பெனின்னு மனசைத் தேத்திக்கலாம். 1984 மாடல்லே அதே கேடிலாக், அதே எல்டொராடோ, மறுபடியும் கூரையை மடக்கிக்கிட்டு வந்து நிக்குது! 'கடைசி'ன்னு நம்பி வாங்கினவன் வயிறு எரிஞ்சு கோர்ட்டுக்கே போனான். எட்டு வருஷம் காத்தும் வாங்கலை, காசும் பார்க்கலை. அவன் வீட்டிலே பூட்டி வச்சிருந்தது காரையா, விலையையா? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்க! (கைதட்டல்)

இதுக்கு நேர் எதிரா ஒரு மனுஷன். பேரு ஸ்டான்லி டக்கர். கனடாவிலே விமானம் ஓட்டுறவர். 1964-லே ஃபோர்டு கம்பெனி மஸ்டாங் காரை அறிமுகம் பண்ணும்போது, காட்சிக்கு வச்சிருந்த ஒரு வெள்ளை கன்வெர்ட்டிபிளை வாங்கிட்டுப் போயிட்டார். அப்புறம் பார்த்தா அதோட வரிசை எண்ணிலே அதுதான் முதல் மஸ்டாங்! கம்பெனி பதறிப்போய்த் திருப்பிக் கேக்குது. இவர் உடனே கொடுத்துட்டாரா? அதுதான் இல்லை. சுமார் 10,000 மைல் ஆசை தீர ஓட்டினார். 1966-லே, ஒரு புது மஸ்டாங்கை வாங்கிக்கிட்டு முதல் மஸ்டாங்கைக் கொடுத்தார். இன்னைக்கு அந்தக் கார் டியர்பார்ன் நகரத்திலே ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்திலே இருக்கு. ஓட்டவும் தெரிஞ்சிருக்கு, கொடுக்கவும் தெரிஞ்சிருக்கு.

துணி போர்த்தி வச்சா பாதுகாப்புன்னு நினைக்கிறீங்க. எந்த மெக்கானிக்கையாவது கேட்டுப் பாருங்க. நின்ன வண்டியிலே பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளேயே துரு பிடிக்க வைக்கும். டயர் ஒரே பக்கமா அமுங்கிச் சப்பையாகும். கூரையை மடக்கியே வச்சிருந்தா மடிப்பு மடிப்பா வெடிக்கும். எலிக்கு வயரைக் கண்டா விருந்து. நம்ம வீட்டு மாப்பிள்ளை மாதிரிதாங்க, சும்மா உக்கார வச்சாத்தான் செலவு ஜாஸ்தி! (பலத்த சிரிப்பு) வந்திருக்கிற மாப்பிள்ளைங்க கோவிச்சுக்காதீங்க.

மிச்சிகன்லே என் மகன் வீட்டுக்குப் போயிருந்தப்போ எதிர்வீட்டிலே ஒரு அமெரிக்க அம்மா. எழுபதைத் தாண்டினவங்க, கணவர் இறந்துட்டார். அவர் ஓட்டின 1966 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் ஷெட்டிலே நிக்குது. முழங்கால் வலி, கிளட்சை மிதிக்க முடியலை. மூணு பிள்ளைங்க மூணு ஊர்லே. அந்தக் கூரையை எப்படி மடக்கறதுன்னுகூட ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா, விக்கக் கூடாதும்மா, அப்பா ஞாபகம்னு மூணு பேரும் போன்லே அழுதாங்க. போன்லேதாங்க அழுதாங்க! ஒருத்தரும் வந்து ஆயில் மாத்தலை.

அந்த அம்மா விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. வித்த விதம் இருக்கே, அதுதாங்க வியாபாரம். விளம்பரத்திலேயே எழுதிட்டாங்க: மழை பெஞ்சா இடது பக்கம் கூரைத் தையல் ஒழுகும், பெயிண்ட் கம்பெனி பெயிண்ட் இல்லை, நடுவிலே ஒரு தடவை அடிச்சது, தரைத் தகட்டிலே ஒட்டுப் போட்டிருக்கு. வாங்க வந்தவர் விவரமான ஆளு. முதல்லே வண்டி எண்ணைப் பார்த்தார். அந்தக் கால மஸ்டாங் எண்ணிலே 08 இருந்தாத்தான் பொறந்ததிலேருந்தே கூரை மடக்குற கார். 07 இருந்தா, சாதாரணக் காரோட கூரையை அறுத்து எவனோ வித்தை காட்டியிருக்கான்னு அர்த்தம். கூரை இல்லாத காருக்குப் பலமெல்லாம் அடித்தளத்திலேதானே? அதனால தரையிலே படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தார். கதவைத் திறந்து மூடி, இடுக்கு சமமா இருக்கா, வண்டி நடுவிலே தொய்ஞ்சிருக்கான்னு பார்த்தார். எழுந்து, "ஒட்டு இருக்கே"ன்னார். "எழுதியிருக்கேனே"ன்னாங்க. "கூரை ஒழுகுமே?" "அதையும் எழுதியிருக்கேன்." பேரம் பேச அவருக்கு என்னங்க மிச்சம்? (கைதட்டல்)

அப்புறம் அந்த அம்மா உள்ளே போய் ஒரு செருப்பு டப்பா கொண்டு வந்தாங்க. கணவர் வச்சிருந்த ரசீது அத்தனையும் அதிலே இருக்கு. எப்போ ஆயில் மாத்தினது, எந்த மைல்லே பிரேக் பார்த்தது, எல்லாம் அவர் கையெழுத்திலே. வந்தவர் டப்பாவை மடியிலே வச்சு ஒவ்வொண்ணாப் படிச்சார். காரைப் பார்த்ததை விட அதிக நேரம் அதைப் படிச்சார். கேட்ட விலையைக் கொடுத்தார்.

தங்கச்சி கேக்கலாம், அப்போ ஞாபகத்தை வித்துட்டாங்களா அண்ணேன்னு. ஞாபகம் அந்த அம்மாகிட்டேயேதாம்மா இருக்கு, அதுக்கு ஆயில் மாத்த வேண்டாம். வித்தது அந்தக் காரோட மிச்ச ஆயுசை. அதுவும் எப்போ? அது நடந்த கதையைத் தன் வாயாலே சொல்லக்கூடிய காலத்திலே. அவங்க காலத்துக்கப்புறம்னா ரசீது குப்பைக்குப் போயிருக்கும், கார் காயலான் கடைக்குப் போயிருக்கும். பிள்ளைங்க அதுக்கும் போன்லே அழுதிருப்பாங்க.

புதுசா வாங்கினவர் கையெழுத்துப் போட்டு முடிச்சதும் அந்த அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "கூரையை மடக்கிட்டுப் போறீங்களா? நான் வாசல்லேருந்து பார்க்கணும்." அவர் மடக்கினார். வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் கையை ஆட்டிக்கிட்டே நின்னாங்க.

நடுவர் அவர்கள் மணியிலே கை வச்சிட்டார்.  (நீண்ட கைதட்டல்)