மிளகாய் விழுதும் நம் சங்க விருந்தும்

(ஆம்பூரில் நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆண்டு விழாவுக்கு இந்தத் தடவை ஹோட்டலில் பார்சல் சொல்லிவிடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பலர் எழுதியிருந்தீர்கள். புகை, தரையில் எண்ணெய்க் கறை, பாத்திரம் கழுவச் செலவாகும் தண்ணீர் என்று நீங்கள் சொன்ன காரணங்கள் நியாயமானவை. இருந்தாலும் நம் வளாகத்திலேயே சமைக்க வேண்டும் என்று கேட்கத்தான் செயலாளரிடம் பத்து நிமிடம் வாங்கினேன்.

ஆம்பூர்க்காரர்களுக்குப் பிரியாணி பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. அதனால் மெக்சிகோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்நாட்டில் பியூப்லா என்ற ஊரில் கல்யாணம், பண்டிகை என்றால் வான்கோழிக் கறியில் 'மோலே' என்று ஒரு குழம்பு வைப்பார்கள். பல வகைக் காய்ந்த மிளகாயை விதை நீக்கி வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, நம் அம்மி போன்ற கல்லில் அரைப்பது பழைய முறை. எள், பாதாம் அல்லது வேர்க்கடலை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் சாக்லேட்டும் சேரும். விழுதைக் கொழுப்பில் வதக்கி, வான்கோழி வெந்த சாற்றை ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை இல்லை. பலர் சேர்ந்து உட்கார வேண்டிய சமையல்.

கேட்கும்போதே நம் சமையல் மாதிரி இல்லையா? மிளகாயே அந்தப் பக்கத்துச் சரக்குதான். போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு. வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே.

சாக்லேட்டை விட்டுவிட்டுப் பாருங்கள். மோலேவுக்கு நம் ஊரில் நெருங்கிய சொந்தம் பிரியாணிகூட இல்லை, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற கத்திரிக்காய்! வேர்க்கடலையும் எள்ளும் வறுத்து அரைத்து, மிளகாய், புளி சேர்த்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டவிடுகிறோமே, அதுதான்.

பிரியாணிக்கு வருகிறேன். நம் ஊர்ப் பக்குவத்தின் உயிர் மிளகாய் விழுது. மிளகாய்த்தூள் சூடான எண்ணெயில் சட்டென்று கருகிக் கசக்கும். ஊறவைத்து அரைத்த விழுதில் ஈரம் இருப்பதால் நிதானமாக வதங்கும், நிறமும் ஏறும். ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு ஒரு கிலோ கறி, 20 முதல் 25 மிளகாய். மஞ்சள்தூள் வேண்டாம். கறி வெந்து மசாலா எண்ணெய் பிரிந்ததும், தனியே முக்கால் பதத்தில் வேகவைத்து வடித்த அரிசியைச் சேர்த்து, மூடி மேல் கங்கு போட்டு 20 நிமிடம் தம். இடையில் திறந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர்களை அடுப்புப் பக்கம் விட வேண்டாம் என்று பண்டாரியிடம் சொல்லிவைக்கிறேன்.

சைவம் சாப்பிடும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 'குஸ்கா வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சிலர் நல்லெண்ணத்தில் சொல்கிறார்கள். பல இடங்களில் குஸ்கா என்பது கறித் துண்டை ஒதுக்கிவிட்டு அள்ளிய அதே பிரியாணிதான். பார்சலில் எது எப்படி என்று நமக்குத் தெரியாது. இங்கே சமைத்தால் காய்கறிப் பிரியாணி முதலில், தனி அடுப்பில், தனிக் கரண்டியில் இறங்கும். கத்திரிக்காய் அந்தப் பக்கமே வேகும். அதை இரண்டு பந்திக்கும் பரிமாறலாம். 2022 மே மாதம் நம் ஊரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை என்று சர்ச்சை எழுந்ததும், கடைசியில் மழையைக் காரணம் சொல்லித் தள்ளிவைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். யாருக்கு எந்த அண்டா என்பதை நாம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டால் போதும்.

இனி உங்கள் புகார்கள். கார் நிறுத்துமிடத்தில் சிலிண்டர் வைக்கக் கூடாது. கேஸ் கசிந்தால் தரையோடு தேங்கும் என்பதால், பின்பக்கத் திறந்தவெளியில்தான் அடுப்பு. விறகு வேண்டாம், தம்முக்கு மட்டும் கரி. வடித்த கஞ்சியை ஆறவைத்த பிறகே கொட்ட வேண்டும், போன வருடம் வேப்பங்கன்று ஒன்று பட்டுப்போனது. மீந்த சோற்றை இரவுவரை அண்டாவில் மூடிவைக்கக் கூடாது. சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்துக் கொடுத்துவிடலாம், டப்பாவை நீங்களே கொண்டுவாருங்கள்.

15 கிலோ அரிசி என்று கணக்குப் போட்டிருக்கிறேன். 300 மிளகாய்க்கு மேல் காம்பு கிள்ளி விதை எடுக்க வேண்டும். விழாவுக்கு முதல் நாள் மாலை 5 மணிக்கு பி பிளாக் படிக்கட்டுப் பக்கம் வாருங்கள். கையில் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், எரியாது. கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றாமலே உட்காருங்கள்.