பாதம் விறைத்தால் நாரியையும் பாருங்கள்



நான் வைத்தியரல்ல, கணக்காளர். ஆனாலும் லண்டனில் என்னிடம் வரிக்கணக்குப் பார்க்க வருகிற முதியவர்கள், கோப்பை மூடியதும் கதைப்பது பெரும்பாலும் காலைப் பற்றித்தான். "தம்பி, பாதம் விறைச்சுக் கிடக்குது, பஞ்சிலை நடக்கிறமாதிரி இருக்குது" என்பார்கள். ஏன் என்றால் 'வயசு' அல்லது 'இந்த நாட்டுக் குளிர்' என்று காரணமும் தயாராக இருக்கும்.

பாதத்தில் ஒரு கோளாறும் இல்லாமலே பாதம் விறைக்கலாம். வயது போகப் போக முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் தேய்கின்றன, மூட்டுகள் தடிக்கின்றன, நரம்புகள் போகும் வழி ஒடுங்குகிறது. நாரியில் உள்ளவை 5 எலும்புகள். ஐந்தாவது நாரி நரம்பு நெரிபட்டால் புறங்காலும் பெருவிரலும் விறைக்கும். அதற்குக் கீழுள்ள நரம்பென்றால் பாதத்தின் வெளி ஓரமும் சின்னவிரலும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. நிமிர்ந்து நடக்க விறைப்பும் நோவும் கூடும். இருந்தாலோ முன்பக்கம் குனிந்தாலோ குறையும். கடையில் தள்ளுவண்டியில் சாய்ந்தபடி ஒரு மணித்தியாலம் சுற்றுகிற அம்மா, பஸ் தரிப்பிடம்வரை நடக்க ஏலாது என்றால் அது சாட்டு அல்ல.

எல்லாவற்றையும் நாரியின் தலையில் கட்டிவிடவும் கூடாது. இரண்டு பாதங்களும் காலுறை போட்ட அளவுக்கு விறைத்தால் சலரோகத்தையும் யோசிக்கவேண்டும். மெட்ஃபோர்மின் குளிசை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தும் இருக்கும். எதுவானாலும் விறைத்த காலுக்குச் சூடு தெரியாது. சுடுதண்ணிப் போத்தலைக் காலடியில் வைத்துக்கொண்டு படுக்கவேண்டாம்.

இனித்தான் முக்கியமான விசயம். 'விறைப்பு' என்று அம்மம்மா சொல்ல, கூடப்போன பேரப்பிள்ளை 'குளிருது' என்று ஆங்கிலத்தில் சொல்லும், அல்லது 'நோகுது' என்று. வைத்தியரும் நோவுக்கு மருந்து எழுதுவார். உணர்ச்சி இல்லை, தொட்டால் தெரியவில்லை என்று சொன்னால்தான் அவர் நரம்பைப் பரிசோதிப்பார்.

இரண்டு கால்களும் திடீரெனப் பலம் குறைந்தாலோ, சலம் போவது தடைப்பட்டாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, சைக்கிள் இருக்கையில் படுகிற இடம் விறைத்தாலோ, குடும்ப வைத்தியரின் திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். பிந்தினால் நரம்பு நிரந்தரமாகவே பழுதாகலாம்.

இதையெல்லாம் பேரனுக்கு முன்னால் எந்த அம்மம்மா வாய்திறந்து சொல்லுவா? வைத்தியரிடம் திகதி எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இங்கே தேசிய சுகாதார சேவையில் அதற்குக் காசு அறவிடுவதில்லை.