தலைவலிக்குப் பரிகாரமா? பரிசோதனையா?
(திருவல்லிக்கேணியில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



மழைக்காலம் வந்தால் நம்மில் பலர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம். தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று பற்றுப் போடுகிறோம். போகாவிட்டால் மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம், பார்த்தசாரதிக்கு நேர்ந்துகொள்ளுகிறோம். பத்து நாளில் வலி தானாக நின்றால் பெருமை சாமிக்கு. திரும்பி வந்தால் பழி நம் தலையெழுத்துக்கு! இது என்ன நியாயம்?

தோழர்களே! நெற்றி, கன்னம், கண்களுக்கு நடுவே உள்ள எலும்புகளுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சளி மூக்குக்குள் வடியச் சிறு துவாரங்கள் உண்டு. துவாரம் வீங்கி அடைபட்டால் சளி தேங்குகிறது, சீழ் பிடிக்கிறது, வலிக்கிறது. சாக்கடை அடைத்துக்கொண்டால் அடைப்பை எடுப்போமா, அர்ச்சனை செய்வோமா?

1890களில் டாக்டர்கள் மேலுதட்டுக்கடியில் கீறி, எலும்பைத் துளைத்துச் சீழை வடித்தார்கள். பிறகு ஆஸ்திரியா தேசத்து டாக்டர் மெஸ்ஸர்கிளிங்கர் மூக்குக்குள் குழல்கண்ணாடி விட்டுப் பார்த்து, இயற்கைத் துவாரத்தைத் திறந்தாலே போதும் என்று காட்டினார். 1985 முதல் அமெரிக்காவில் டாக்டர் கென்னடி அம்முறையைப் பரப்பினார். 2005-ல், துவாரத்துக்குள் சிறு பலூனை விட்டு விரிக்கும் முறை அங்கே சர்க்கார் அனுமதி பெற்றது. முகத்தில் ஒரு கீறலுமில்லை.

இதனால், எல்லோரும் ஓடிப்போய்ப் பலூன் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சாமியாரை நம்பினவன் அப்படியே கருவியை நம்பினால் அது பகுத்தறிவாகிவிடாது. 2004-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், சீழும் காய்ச்சலும் இல்லாமல், தமக்கு சைனஸ் தலைவலி என்றே நம்பியிருந்த 2,991 பேரைச் சோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை! அவர்கள் மூக்கைத் திறந்து என்ன பயன்? மூக்கில் நோய்க்குறியும் ஸ்கேனில் கோளாறும் இரண்டும் இல்லாதவருக்குப் பலூன் தகாது என்று 2018-ல் அந்நாட்டு நிபுணர்களே கூறிவிட்டார்கள்.

ஆகவே, வலி திரும்பத் திரும்ப வந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். போய், "மூக்குக்குள் பார்த்தீர்களா? ஸ்கேனில் அடைப்பு தெரிகிறதா? மருந்திலேயே தீராதா? செய்துகொண்டால் மறுபடி வருமா?" என்று கேளுங்கள். கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கழுத்து விறைத்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். பரிகாரத்துக்கு நல்ல நாள் பார்ப்பதற்குள் கண்ணே போய்விடக்கூடும்.

கேள்வி கேட்காமல் கோயிலுக்குக் கொட்டியது போதும். கேள்வி கேட்காமல் ஆஸ்பத்திரிக்கும் கொட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.