விடுதலை என்னும் சொல்



‘விடுதலை’ என்று நாம் மேடையில் முழங்குகிறோம். நீதிமன்றத் தீர்ப்பிலும் அதே சொல்தான் வருகிறது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் வெண்மணி வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களை ‘விடுதலை’ செய்தது. அந்தச் சொல்லின் சட்டப் பொருளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நடந்தது நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அந்த மக்கள் செய்த ‘தவறு’. 1970-இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட 8 பேரைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் அவர்கள் வெளியே வந்தார்கள்.

குற்றவியல் சட்டத்தின் அரிச்சுவடி இது: மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது, நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. இந்த விதி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். திருட்டுப் பட்டம் கட்டி இழுத்துச் செல்லப்படும் நம் தெருப் பையனுக்கும் அதுதான் காப்பு. ஆனால் விடுதலை என்றால் குற்றமே நடக்கவில்லை என்று பொருளல்ல. இன்னார் செய்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். அந்த 44 சாவு எந்தத் தீர்ப்பாலும் பொய்யாகிவிடாது.

நம் கேள்வி வேறு. அந்தச் சந்தேகம் எங்கே பிறந்தது? நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்கள் பெருநிலக்காரர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம். சமூகவியல் படித்த எனக்கு, இந்தச் சந்தேகம் சாட்சியத்தில் பிறந்ததாகத் தெரியவில்லை; அந்தஸ்தில் பிறந்ததாகவே தெரிகிறது.

சட்டம் தீ வைத்த கையை மட்டும் பார்ப்பதில்லை. ஏவியவரும் குற்றவாளி. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடி, பொது நோக்கத்துக்காக அவர்களில் ஒருவர் குற்றம் செய்தாலும் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பொறுப்பு. அன்று அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு; 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 190-ஆம் பிரிவு.

1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. நிலத்தகராறோ வேறு தகராறோ முன்பே இருந்து, அதன் தொடர்ச்சியாக ஒரு கூட்டம் வன்கொடுமை செய்தது என்று நிரூபித்தால், பொது நோக்கத்தோடு செய்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு. கூலித் தகராறும் தகராறுதான். வெண்மணிக்கு 21 ஆண்டு பிந்தி வந்த பிரிவு அது. வெண்மணிக்கு உதவவில்லை, நமக்கு உதவும்.

ஆனால் யார் யார் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று முதலில் தாளில் ஏற வேண்டுமே! என் அம்மா நடவாள். ஒருமுறை எங்கள் தெருவில் அடிதடி நடந்தபோது, ஈரச் சேலையோடு காவல் நிலையம் போனார். எழுதியதை வாசித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கினார்கள். அம்மா சொன்னது ஐந்து பெயர். தாளில் இருந்தது மூன்று. விடுபட்ட இருவரும் நிலக்காரர்கள்.

இன்று அப்படிச் செய்தால் அதுவே குற்றம். வாய்மொழிப் புகாரை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கடமையாக்கியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலையும் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

நாளை நம் தெருவில் ஒரு வழக்கு வந்தால், அதன் சந்தேகம் நீதிமன்றத்தில் மட்டும் பிறப்பதில்லை. காவல் நிலையத்து முதல் தாளிலேயே பிறந்துவிடுகிறது. அதனால் எழுத்துத் தெரிந்த ஒருவர் கூடப் போங்கள். வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர்களை எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு கைநாட்டு வைக்கட்டும் நம் அம்மாக்கள்.

ஜெய்பீம்.