ஆடித் தள்ளுபடி ஏன் ஆனியிலேயே வருகிறது?

(மேல்மலையனூரில் நடந்த நம் கூட்டமைப்புப் பொதுக்கூட்டத்தில், புடவை வியாபாரம் செய்யும் குழுவின் சார்பில் பேசியது)



எங்களைப் பேசச் சொன்னது வியாபாரத்தில் ஜெயித்ததற்காக இல்லை. 2024 தீபாவளிக்கு நாங்க கையைச் சுட்டுக்கிட்ட கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்காகச் சொல்லிவிடுகிறோம்.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. உள்கடனில் 60,000 ரூபாய் எடுத்து, ஈரோடு ஜவுளிச் சந்தையில் 500 ரூபாய் வீதம் 120 புடவை வாங்கினோம். பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால்தானே ஜனங்க துணி எடுப்பாங்க என்று அக்டோபர் 20-க்கு மேல் வீடு வீடாகப் போனோம். "நாங்க அப்பவே எடுத்துட்டோமே அக்கா" என்றார்கள். புரட்டாசியிலேயே டவுன் கடைகளில் தள்ளுபடி போர்டு வந்துவிட்டது. பிள்ளைகள் செல்போனிலேயே ஆர்டர் போட்டுவிட்டார்கள். நாங்கள் விற்றது 47. மீதி 73 புடவை, அதாவது 36,500 ரூபாய், டிரங்குப் பெட்டியில் தூங்கியது. கார்த்திகை தீபத்துக்கு விற்றுவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டால், நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்து நம் மாவட்டத்தையே தண்ணியில் நிறுத்தியது. அப்போ யார் வீட்டு வாசலில் போய்ப் புடவை மூட்டையை அவிழ்ப்பது? நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி மட்டும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான், பெரிய கடைக்காரன் தேதியை எதை வைத்து முடிவு செய்கிறான் என்று விசாரிக்க ஆரம்பித்தோம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் நிறைய சொன்னாள்.

ஆடி மாசத்தில் கல்யாணம் இல்லை. ஆடிப் பட்டம் தேடி விதை என்று விவசாயி கையிலிருக்கும் காசெல்லாம் நிலத்துக்குப் போய்விடும். கடை காற்றாடும். தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழைய சரக்கைத் தள்ளி, அலமாரியைக் காலி செய்து, புதுச் சரக்குக்குப் பணமும் புரட்ட வேண்டும். ஆடித் தள்ளுபடி பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். ஆடி பிறப்பது ஜூலை 17 வாக்கில். ஆனால் இப்போது பல கடைகளில் ஆனியிலேயே போர்டு தொங்குகிறது. ஏன்? ஒரு வீட்டில் துணிக்கென்று ஒதுக்குவது ஒரு தொகைதான். அது ஜூலை முதல் வாரச் சம்பளத்தில் ஒரு கடையில் செலவாகிவிட்டால், ஆடி பிறந்த பிறகு போர்டு வைக்கிறவனுக்கு மிச்சம் என்ன இருக்கும்? ஒருத்தன் பத்து நாள் முந்தினால் பக்கத்துக் கடைக்காரன் பதினைந்து நாள் முந்துகிறான்.

இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. நம்ம அங்காளம்மன் கோயில் அமாவாசையைப் பாருங்க. ஊஞ்சல் உற்சவம் ராத்திரியில். ஆனால் எலுமிச்சம்பழம், பூ, வளையல் விற்கிறவங்க முந்தின நாளே வந்து துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறாங்க. சாயங்காலம் கூடையோடு வருகிறவளுக்குக் கோயில் பக்கத்தில் நிற்கவும் இடம் இல்லை.

அமெரிக்காவில் இதற்காகப் பண்டிகையையே நகர்த்தியிருக்கிறார்கள். அங்கே நன்றி சொல்லும் நாள் என்று ஒன்று, அப்போது நவம்பர் கடைசி வியாழனில். அது கழிந்த பிறகுதான் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கும். 1939-ல் அது 30-ம் தேதி விழுந்தது. வியாபார நாள் குறைகிறதே என்று கடைக்காரர்கள் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால், 23-ம் தேதிக்கு மாற்றினார். பாதி மாநிலங்கள் பழைய தேதியிலேயே கொண்டாடி, ஒரே கூத்து. 1941-ல் சட்டம் போட்டு நான்காவது வியாழன் என்று முடிவு கட்டினார்கள்.

நம்ம ஊரில் தீபாவளியை யாரும் நகர்த்த முடியாது, அதனால் விற்பனையை நகர்த்துகிறார்கள். பிளிப்கார்ட் 2014 அக்டோபர் 6-ம் தேதி ஒரே நாள் விற்பனை வைத்தது. கூட்டம் தாங்காமல் திணறி, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து பல நாள் என்று ஆக்கினார்கள். தேதிகளை நோட்டில் எழுதிப் பார்த்தோம். 2023-ல் தீபாவளி நவம்பர் 12, பிளிப்கார்ட், அமேசான் இரண்டும் தொடங்கியது அக்டோபர் 8. 2024-ல் தொடங்கியது செப்டம்பர் 27. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20, தொடங்கியது செப்டம்பர் 23. தீபாவளிக்கு நாலைந்து வாரம் முன்னால், சம்பளம் கைக்கு வருவதை ஒட்டி.

சில சமயம் வரியும் தேதியை இழுக்கும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. பழைய வரியில் வாங்கிய சரக்கு கையில் இருந்தால் கணக்கில் அடிபடுமோ என்று பயந்து, ஜூன் மாசமே நாடு முழுக்கக் கடைகள் தள்ளுபடியில் தள்ளின. 2025 ஆகஸ்ட் 15-ல் வரி குறையப்போகிறது என்று பிரதமர் சொன்னதும், பெரிய டிவி, ஏசி வாங்க இருந்தவர்கள் காத்திருந்தார்கள். செப்டம்பர் 22-ல் குறைப்பு அமலுக்கு வந்தது, மறுநாளே ஆன்லைன் விற்பனை. இதில் ஒன்றைக் கவனிக்கணும். ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் 28 சதவீதம் 18 ஆனது உண்மை. பிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு 2018-லிருந்தே 18தான். நாம் விற்கும் 500 ரூபாய்ப் புடவைக்கு முன்பும் 5, பின்பும் 5. "வரி குறைஞ்சிடுச்சாமே, விலையைக் குறை" என்று எங்களிடம் கேட்டவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். பெரிய கடை கணக்குப் போடுவது மாசச் சம்பளக்காரர் பர்ஸை வைத்து. நம் ஊரில் மல்லாட்டை பிடுங்கி, காய வைத்து, செஞ்சி கமிட்டியில் போட்டால்தான் வீட்டில் காசு நடமாடும். ஆடியில் விதைத்தது ஐப்பசியில்தான் பிடுங்க வரும். அவர்கள் போர்டு வைக்கும் நாளில் நம் ஜனங்க கடன் வாங்கித்தான் துணி எடுக்கிறாங்க. அவர்களோடு அதே நாளில் போட்டி போட்டதுதான் நாங்கள் செய்த தப்பு.

2025-ல் தீபாவளிக்கு 30 புடவைக்கு மேல் வாங்குவதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதினோம். இரண்டு பேருக்கு இதில் கோபம். "பண்டிகைக்கு விக்காம எப்ப விக்கிறது?" என்று ஒரு மாசம் பேசவே இல்லை. தீபாவளி முடிந்த அடுத்த வாரம் ஈரோட்டுக்குப் போனோம். முந்தைய வருஷம் 500-க்கு எடுத்த அதே ரகம் 410-க்குக் கிடைத்தது. அவனுக்கும் சரக்கைத் தள்ளணுமே! அதில் 60 புடவை எடுத்து டிசம்பர் 3 கார்த்திகை தீபத்துக்கும், தைப் பொங்கலுக்கும், மாசி மயானக் கொள்ளைக்கும் என்று பிரித்து வைத்து 520-க்கு விற்றோம். 49 போனது. மீதி 11-ல் நான்கு, கலர் யாருக்கும் பிடிக்காத புடவை. அது எங்கள் கண்ணின் கோளாறு, தேதி மேல் பழி போட முடியாது. 2024-ன் 73-ல் இன்னும் 8 பெட்டியில் இருக்கு, வேண்டியவங்க கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்க, 400-க்குத் தருகிறோம்.

இன்னொரு விஷயம். தனித்தனியாக ஈரோட்டுக்குப் போனால் பஸ் செலவே லாபத்தைத் தின்கிறது. அடுத்த முறை தீபாவளிக்குப் பிந்தின வாரத்தில் நாலு குழு சேர்ந்து போகலாம் என்று இருக்கிறோம். வருகிற குழுக்கள் உள்கடன் கேட்பதற்கு முன்னாடியே, உங்க ஊரில் எந்த மாசம் காசு வருது, எத்தனை வீடு வாங்கும் என்று எழுதிக்கொண்டு வாங்க. பெயர் எழுதும் நோட்டு வாசல் பக்கம் ஊக்குநர் அக்காவிடம் இருக்கிறது.