கிரேக்க வெண்கலக் காசும் நம் கரூரும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

பழங்காசு சேர்ப்பவன் என்பதால் காசுகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இராசராசன் காசைப்பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். யான் எடுத்துக்கொண்டதோ கிரேக்க வெண்கலக் காசு. அதற்கும் பொம்மனஹள்ளியில் வாழும் தமிழருக்கும் என்ன உறவு என்று வியக்க வேண்டா. இந்நகரத்து யஷ்வந்தபுரத்திலேயே 1891ஆம் ஆண்டில் 163 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. நம் கரூரில், அமராவதி ஆற்று மணலில், ரோமானியக் காசுகளோடு கிரேக்கக் காசுகளும் கிடைத்தன என்று ‘தினமலர்’ ஆசிரியராயிருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் எழுதினார்கள். செலூக்கிய அரசர், ஃபினீசிய நகரங்கள், ரோட்ஸ், கிரீட் தீவுகள் ஆகிய இடங்களின் காசுகளை அவர்கள் ஆராய்ந்துள்ளார்கள். ரோமானியம் அல்லாத அயல்நாட்டுக் காசுகளுக்கெனவே 2000ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார்கள்.

இச்செய்தியின் அருமை வெண்கலம் என்னும் சொல்லில் அடங்கியிருக்கிறது. வெள்ளிக்கு எந்நாட்டிலும் எடைக்கேற்ற விலையுண்டு. ஏதென்சு நகரத்து ஆந்தை பொறித்த வெள்ளிக்காசு, ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ளது, கடல் கடந்தும் செல்லுபடியாயிற்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலியிலும் தென்னித்தாலியக் கிரேக்க நகரங்களிலும் தோன்றிய வெண்கலக் காசோ உள்ளூர்ச் சில்லறை. அதை அடித்த நகரத்தின் எல்லையைத் தாண்டினால் அதை வாங்குவார் அரியர். அத்தகைய சில்லறை கரூர் மணலில் கிடக்குமாயின், அது வாணிகப் பொருளுக்கு விலையாக வந்ததாகாது. கப்பலில் வந்தவன் ஒருவன் மடியிலே எஞ்சிய காசாக இருந்திருக்கலாம். ஆட்கள் வந்து போனார்கள் என்பதற்கு வெள்ளிக் குவியலைவிட இச்சில்லறையே நெருங்கிய சான்று என்பது என் கருத்து. ஆயின், அது உண்மையாகவே அங்குக் கிடைத்திருக்க வேண்டும். இதனைப் பின்னர் விளக்குவேன்.

முதலில் காசை அடையாளம் காணும் முறை. தலைப்பக்கத்தை மட்டும் பார்த்து அலெக்சாந்தர் என்று முடிவு கட்டுவோர் பலர். மறுபக்கத்தையே முதலிற் பார்த்தல் வேண்டும்; ஊர்ப்பெயரும் சின்னமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ரோட்ஸ் தீவினர் ரோசாப்பூவைப் பொறித்தனர். அவர்கள் மொழியில் ‘ரோடொன்’ என்றால் ரோசா, ஊர்ப்பெயரையே சித்திரமாக்கினார்கள். எகிப்தை ஆண்ட தாலமி மரபினரின் காசில், இடியாயுதத்தின் மேல் நிற்கும் கழுகைக் காணலாம். பல காசுகளின் நடுவே ஒரு சிறு குழியும் இருக்கும். அஃது அக்காலத்துத் தொழில்முறையின் சுவடு, பழுதன்று. செலூக்கிய அரசர் சிலர் காசின் விளிம்பை வாளரத்தின் பல்போல் வெட்டுவித்தனர். எழுத்தையும் கவனிக்கவேண்டும். ‘ஸ’ ஒலிக்குரிய கிரேக்க எழுத்து முற்காலத்தில் நான்கு கோடுகளாகவும், பிற்காலத்தில் பெரும்பாலும் பிறைவடிவிலும் எழுதப்பட்டது. காலத்தைக் கணிக்க அதுவும் உதவும். எடையை நம்பிமட்டும் முடிவு செய்யலாகாது. வெள்ளியில் காட்டிய கண்டிப்பை வெண்கலத்தில் அவர்கள் காட்டவில்லை.

போலிகளைப் பற்றி ஒரு சொல். கிரேக்கர் பெரும்பாலும் அச்சுக்கொண்டு அடித்தே காசு செய்தனர். போலி செய்பவர் பலர் அச்சில் அடிக்காமல் உருக்கி வார்க்கின்றனர். ஆகவே எழுத்து மழுங்கி, பரப்பிற் குமிழிகள் தோன்றி, விளிம்பைச் சுற்றிப் பொருத்துக்கோடு ஓடுமாயின் ஐயுறுக. விளிம்பில் ஒரு சிறு முளை மட்டும் நின்றால் அஞ்ச வேண்டா. அடிப்பதற்குரிய வில்லையை அவர்களும் வார்த்தே செய்தார்கள். இரண்டு காசுகள் தேய்வு, பிளவு, சாய்வு அனைத்திலும் ஒத்திருந்தால் இரண்டையும் வாங்காதீர்கள்.

விலைக்கு வருவோம். ஈராயிரம் ஆண்டுப் பழமையே பெருவிலை என்று எண்ணுவது பேதைமை. வெண்கலக் காசுகள் மிகப்பல. அவற்றுட் பெரும்பாலானவை எளிய விலையினவே. நகரம் அரியதா, சின்னம் நடுவில் விழுந்துள்ளதா, எழுத்துப் படிக்கக் கிடைக்கிறதா, மேற்படலம் கெடாதிருக்கிறதா என்பனவே விலையை நிறுவுவன. டேவிட் சீயர் 1978, 1979 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு தொகுதிகள் அடையாளம் காண இன்றும் துணை செய்யும். அவற்றின் விலைப்பட்டியலை மறந்துவிடலாம். நம் வீட்டார் அன்பினால் செய்யும் கேடு ஒன்றுண்டு. கரும்பச்சைப் படலத்தை அழுக்கென்று கருதிப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிவிடுகிறார்கள்! குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கோ, அப்படலத்தோடு எழுத்தும் விலையும் போயின. கெட்டியான பச்சை நல்லது. தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பே நோய். அத்தகைய காசை ஈரமின்றித் தனியே வைக்கவேண்டும்.

நிற்க, கரூர்க் கேள்விக்குத் திரும்புகிறேன். பார்சல் அலுவலகத்தில் சீட்டுக் கிழிந்த மூட்டை ஒன்று கிடந்தால் அதன் உள்ளே இருப்பது என்ன என்று பிரித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். எந்த நிலையத்தில் ஏற்றினார்கள் என்று சொல்ல இயலாது. காசும் அவ்வாறே. தான் பிறந்த ஊரை அது தன் முகத்திலேயே எழுதிக்கொண்டு வருகிறது. கிடைத்த ஊரை எழுதிக்கொள்வதில்லை. 1980களில் கிருஷ்ணமூர்த்தி அவர்கள் படித்து அறிவித்த பாண்டியன் பெருவழுதியின் செப்புக்காசு தன் பெயரைத் தானே சொல்லிற்று. எவர் கையிலிருந்து வந்தாலும் அது பெருவழுதியின் காசே. ரோட்ஸ் காசு அப்படியன்று. கரூரில் எடுத்ததாயின் அது தமிழக வரலாறு. சென்ற ஆண்டு வெளிநாட்டிலிருந்து ஒருவர் பெட்டியில் வந்ததாயின் வெறும் ரோட்ஸ் காசு. இவ்விரண்டையும் பிரித்தறிய, வாங்கியவனிடம் வியாபாரியின் வாய்ச்சொல் ஒன்றே இருக்கிறது. “கரூர்க் காசு” என்றால் தமிழன் விலை பேசாமல் வாங்குவான் என்பதை வியாபாரியும் அறிவான். யஷ்வந்தபுரக் குவியல் சிறந்த சான்றாக நிற்பதற்குக் காரணம், ஆண்டும் இடமும் எண்ணிக்கையும் பதிவாயிருப்பதே.

ஆகையால், யாரேனும் மணல் சலித்தபோது கிடைத்தது என்று ஒரு காசைத் தந்தால், பெயரறிய விரையாமல், எந்தத் துறை, எந்த மாதம், உடன் என்னென்ன கிடைத்தன என்று கேட்டு அன்றே ஒரு தாளில் எழுதுங்கள். காசோடு அத்தாளையும் உறையிலிடுங்கள். மண்ணில் புதைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. வெளியூர் உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைப்போர் இதனை நினைவிற் கொள்க.

காசுகள் சிலவற்றின் பெரிதாக்கிய படங்களை வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறேன். ரோசாப்பூ எது, கழுகு எது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்லட்டும். வீட்டில் பழங்காசு வைத்திருப்போர் துலக்காமல் கொண்டுவந்தால், ஞாயிறு மாலைகளில் சங்கத்தில் உடனிருந்து பார்க்கலாம்.