அலையில் நிற்க, தரையில் பழகணும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கடலோரக் கிராமத்துக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா என்னைக் கேட்டாங்க: "உன் பொண்ணு தினம் சாயங்காலம் வாசல்ல குப்புறப் படுக்குது, துள்ளி எந்திரிக்குது. என்னடி அது?" எல்லோரும் சிரித்தோம். இன்றைக்குப் பதில் சொல்கிறேன்.

அது அலைச்சறுக்குக்கான பயிற்சி. நம்ம பிள்ளைங்க சர்ஃபிங் என்பாங்க. நீளப் பலகையில் குப்புறப் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளிப் போய், அலை தூக்கும்போது எழுந்து நின்று சறுக்கி வரணும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக இதைச் சேர்த்தார்கள். பெண்களுக்கும் தனிப் போட்டி உண்டு. 2025 ஆகஸ்டில் நம்ம மாமல்லபுரத்திலேயே ஆசியப் போட்டி நடந்தது.

என் பொண்ணும் ஆசையாகப் பழகினாள். பெரியவளானதும் நிறுத்தியது நான்தான். 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்தவள் நான், பயம். ஊர்ப்பேச்சு வேறு. அவள் சண்டை போடவில்லை. "கடலுக்குத்தானே போகக் கூடாது? வாசல்ல பழகலாம்ல?" என்றாள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் அவள் மாஸ்டர் தரையில் சொல்லிக் கொடுத்ததையே வீட்டில் செய்தாள்.

அவள் செய்வது இவைதான்:

1. முதலில் ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டம். தோள், இடுப்பு, முட்டியைச் சுழற்றி உடம்பைச் சூடாக்கணும்.

2. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கி, கைகளைத் துடுப்புப் போல மாற்றி மாற்றி வலிக்கணும். கடலில் நிற்கும் நேரம் கொஞ்சம்தான். கை வலிக்கும் நேரம்தான் அதிகம். முதுகும் தோளும் சோர்ந்தால் அலையைப் பிடிக்க முடியாது.

3. மணலில் பலகை அளவுக்குக் கோடு கிழித்து, அதன்மேல் படுத்து, விலாப் பக்கம் கை ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து நிற்கணும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முட்டி மடங்கி, பார்வை நேரே. கீழே குனிந்து பார்த்தால் விழுந்துவிடுவோம். இது பத்து முறை.

4. நாற்காலியில் உட்காருவது போல் பாதி உட்கார்ந்து எழுவது, பத்து முறை.

5. ஒற்றைக் காலில் அரை நிமிடம். பழகியபின் கண்ணை மூடிக்கொண்டு.

6. முழங்கையும் கால்விரலும் ஊன்றி, உடம்பைப் பலகை போல நேராக இருபது விநாடி நிறுத்துவது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி நேரம் போதும். காசு செலவில்லை.

நாலு மாதம் பார்த்தேன். அந்தப் பிடிவாதம் என்னைக் கரைத்துவிட்டது. நன்றாக நீந்தத் தெரியணும், மாஸ்டர் கூட இருக்கணும், கடல் சரியில்லாத நாளில் இறங்கக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டு அனுப்பினேன். கரையில் மீன் கூடையோடு நின்று பார்த்தேன். இரண்டு முறை விழுந்தாள். மூன்றாவது அலையில் நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது பாதி உட்காருவதை அவளோடு நானும் செய்கிறேன். கூடையை இறக்கி ஏற்றும்போது முன்பு போலத் தடுமாறுவதில்லை. முட்டி வலி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

சகோதரிகளே, தரையில் பழகிவிட்டால் கடல் தெரியும் என்று அர்த்தமில்லை. அலையைக் கடலில்தான் கற்கணும். ஆனால் அதற்கான பலத்தை நம்ம வாசலிலேயே சேர்க்கலாம், வாரச் சேமிப்பு மாதிரி. பையனுக்கு விளையாட நேரம் தருகிறோம். பொண்ணுக்கும் பாத்திரம், தண்ணிக் குடம் போக அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். தடுத்த அம்மாவாகத்தான் கேட்கிறேன்.